பல்லால் கேட்ட இஞ்சின்

ராயபுரத்தில் இன்றைக்கும் யாரையாவது நிறுத்தி, ஸ்டானிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "பாம் ஸ்டானி வூடா? அதோ, செவுரு கருப்பா கீது பார், அதான்" என்று கையை நீட்டுவார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஸ்டானியின் கூட்டாளி மாசானத்துக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். பாமாம்! ஸ்டானிஸ்லாஸ் செய்தது இஞ்சின். ஓடின இஞ்சின். வெடித்தது ஒரே ஒரு தடவை. அதை ஊரே வந்து பார்த்தது. அதற்கப்புறம் ஓடியதைப் பார்க்கத்தான் ராயபுரத்திலிருந்து ஒரு நாய்கூட வரவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ரிப்பேர் பட்டறையில் வேலை பார்த்தவன். சேர்ந்த புதிதில் அவனைப் பாய்லருக்குள் இறக்கிவிட்டார்கள். வெளியே நிற்கிறவன் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணியை அடிப்பான். உள்ளே குந்தியிருக்கிறவன் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியிலிருந்து சம்மட்டியால் அடிக்கச் சொன்னால் எப்படி? அந்த வேலை. பிறகு டீசல் இஞ்சின் பக்கம் வந்து பெரிய கை என்று பேர் வாங்கியபோது, காது பாதி போயிருந்தது. கனத்த சத்தம் கேட்கும். கூர்மையான சத்தம் எதுவும் கேட்காது. சைக்கிள் மணி, மீன்காரியின் கூவல், பெண்டாட்டி ஹில்டாவின் குரல், எல்லாம் போச்சு. "கடைசியா போனதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல" என்று அவள் எதிரிலேயே சொல்லுவான். அவள் கரண்டியால் ஒன்று வைப்பாள்.

காது போனாலும் இஞ்சினைச் சோதிக்க அவனுக்கென்று ஒரு வழி இருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அந்த அதிர்விலேயே சொல்லிவிடுவான்.

ஒருநாள் ஓடுகிற இஞ்சினில் பெல்ட் கீச்சுக் கீச்சென்று கத்தியது. எல்லோரும் விலகி ஓடினார்கள். கீச்சு கேட்காத ஸ்டானி அங்கேயே நின்றான். பெல்ட் அறுந்து அவன் தோளைக் கிழித்துவிட்டுப் போனது. போர்மேன் சுப்பராயன் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் பயந்துபோனார். "இனிமே ஓட்ற இஞ்சின் பக்கம் நீ வராத, ஸ்டானி. ஸ்கிராப் யார்டுக்குப் போ" என்றார். அப்படித்தான் பெரிய கை பழைய இரும்பு பொறுக்கப் போனது.

அந்த இரும்புக் குவியலில்தான் அது கிடைத்தது. உடைத்துப் போட்ட ஒரு இழுவைப் படகின் டர்போ. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மீன்வண்டியில் ஏற்றி, திருவொற்றியூரில் மாசானத்தின் கேஸ் வெல்டிங் ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். மாசானமும் அவனும் பாய்லர் காலத்துக் கூட்டாளிகள்.

"இன்னாடா இது? செத்த ஆமையத் தூக்கினு வந்துகீற?"

ஸ்டானி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். "ஆமை இல்ல மாமு, டர்போ. ரெண்டு பக்கம் சக்கரம், நடுவுல ஒரே தண்டு. இஞ்சின் கக்குற பொகை இந்தச் சக்கரத்தச் சுத்தும். அந்தச் சக்கரம் காத்த இஸ்து இஞ்சினுக்குள்ள தள்ளும். நான் இன்னா சொல்றேன், இஞ்சினே வாணாம். அது தள்ளுற காத்துல நெருப்ப வெச்சி, அந்த நெருப்பாலயே இத்த சுத்த வெச்சா?"

"பூனை அதும் வாலத் தொரத்துற மாதிரியா?"

"அதே தான். இந்தப் பூனை கிருஷ்ணாயில் குடிக்கும்."

"ஓடி இன்னா கியிக்கப் போவுது? மாவு அரைக்குமா?"

"ஒண்ணும் கியிக்காது. ஓடும். நான் கைய எடுத்தப்புறமும் தன்னால ஓடும். ஓடிச்சின்னா நான் இஞ்சின்காரன். இல்லன்னா சாவுற வரைக்கும் இரும்பு பொறுக்கி. அவ்ளோ தான்."

மாசானம் டர்போவைப் புரட்டிப் பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஸைப் பற்ற வைத்தான்.

வேலை லேசில் முடியவில்லை. குழாய்க்குள் குழாயாக ஒரு நெருப்புக்கூடு வேண்டும். உள்குழாய் முழுக்க ஓட்டை. ஓட்டை பெரிசானால் காற்று நெருப்பை அணைத்துவிடும். சின்னதானால் இரும்பே உருகும். முதல் குழாய் உருகியது. அடுத்தது கோணிக்கொண்டது. அதற்கடுத்தது நெருப்பையே பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஸ்டானி முகர்ந்து பார்த்து, தடவிப் பார்த்து, "இன்னொண்ணு" என்பான். மண்ணெண்ணெய்க்கு ப்ளோலாம்ப்பின் டாங்கி. பேரிங்குக்கு எண்ணெய் ஊற்ற லாரி ஆயில் பம்ப். பொறிக்குக் கார் பிளக்கும் காயிலும். முதலில் காற்றைக் கிளப்பிவிட மாசானத்தின் உலை ஊதுகிற மோட்டார். மழை வந்து போனது, வெயில் வந்தது. சுருட்டு பிடிப்பதைக்கூட ஸ்டானி மறந்தான்.

முதல் தடவை ராயபுரத்தில் அவன் வீட்டுக் கொல்லையில்தான் கிளப்பினார்கள். இஞ்சின் தன் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று பிடிவாதம். ஸ்டானி ஊதல் மோட்டாரைப் போட்டான், மண்ணெண்ணெயைத் திறந்தான். பிளக் டிக் டிக்கென்று அடித்தால்தான் நெருப்பு வரும். வயர் கழன்று கிடந்தது. ஊதல் இரைச்சலில் மாசானத்துக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்டானிக்கு டிக் எப்போதுமே கேட்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திறந்துகொண்டே போனான். உள்ளே குளமாகத் தேங்கிவிட்டது. கடைசியில் கழன்ற வயரைக் கண்டுபிடித்து, தானே மாட்டினான்.

டமார்! பின்பக்கத்தில் தென்னை உயரத்துக்கு நெருப்பு. சுவர் கருகியது. கொடியில் காய்ந்த ஹில்டாவின் புடவை பறந்தபடியே எரிந்தது. பாகிஸ்தான் சண்டை முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. இருட்டடிப்பும் சைரனும் ஜனங்களின் வயிற்றை விட்டுப் போகாத சமயம். "பாம் போட்டுட்டான்டோய்!" என்று தெருவே கட்டிலுக்கடியில் புகுந்தது. பேர் அன்றைக்கு வைத்ததுதான்.

ஸ்டானியின் புருவம் பொசுங்கிப் போயிருந்தது. பாதி எரிந்த புடவையைப் பிடித்துக்கொண்டு ஹில்டா நின்றாள். மாசானம் அவன் முகத்துக்கு நேராக வந்து உதட்டைப் பெரிசாக அசைத்துச் சொன்னான்: "என் ஷெட்டுல வெச்சிக்கலாம். டிக்கு கேக்குதா, விசிலு ஏறுதா, நான் கேட்டுச் சொல்றேன்."

"என் இஞ்சினுக்கு உன் காதா?" ஸ்டானி கத்தினான். "அதுக்கு அந்தப் போர்மேன் சொன்னதே கரீட்டுன்னு போயிடலாமே!"

ஹில்டா அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "எங்கப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்னாரு. கப்பலு அடிவயித்துல இன்னா கீதுன்னு அவருக்குத் தெரியுமா? ஓரத்துல நின்னு கை காட்றவன் ஹபீஸ்னா தூக்குவாரு, ஆரியான்னா எறக்குவாரு. அதுக்கோசரம் அவர எவனாவது குருடன்னு சொன்னானா? கை காட்னவன் கிரேன்காரன் ஆயிட்டானா?" மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தாள்: "எனுக்கு ஒரு பொடவ. அதுக்கப்புறம் இன்னா எயவோ பண்ணு."

ஸ்டானி கருகிய சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தான். பிறகு மாசானத்திடம், "கட்டைவிரலு மேல போனா ஹபீஸ். உள்ளங்கை கீய அமுக்கினா ஆரியா. மூடின கையின்னா அப்டியே நில்லு. மாத்திக் காட்னே, மண்டையப் பொளந்துடுவேன்" என்றான்.

ஷெட்டில் கிளப்பிய அன்று, ஸ்டானி மண்ணெண்ணெய்த் திருகில் கை வைத்து மாசானத்தின் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஊதல் இரைந்தது. மாசானம் குனிந்து டிக் டிக்கைக் கேட்டான். கட்டைவிரல் ஏறியது. புஸ்ஸென்று நெருப்புப் பிடித்தது. சக்கரம் சுற்றுகிற விசில் மெல்லக் கிளம்பி ஏறியது. மாசானம் கையை மூடினான். அந்த விசில் ஸ்டானிக்குக் கேட்கவில்லை. அவன் வரைக்கும் இஞ்சின் செத்துக் கிடக்கிறது. இன்னும் திறந்துவிடத்தான் தோன்றியது. திறந்திருந்தால் சக்கரம் செக்கச்செவேலென்று பழுத்துப் போயிருக்கும். மூடின கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கட்டைவிரல் மறுபடி மெல்ல ஏறியது. விசில் சங்கு மாதிரி ஆனது. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்த சங்கு என்று நினைத்து இரண்டு பேர் தூக்குவாளியோடு வெளியே வந்துவிட்டார்கள்.

மாசானம் ஊதல் குழாயை உருவிக் கீழே போட்டான். மோட்டாரை நிறுத்தினான். இஞ்சின் நிற்கவில்லை. சக்கரத்தின் வாயில் அவன் லுங்கி முனை இழுபட்டது. அவ்வளவு காற்று குடித்தது.

ஸ்டானி நம்பவில்லை. கீழே கிடந்த குழாயைப் பார்த்தான், மாசானத்தைப் பார்த்தான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் கடித்துக் கண்ணை மூடினான். அப்புறம் வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினான்:

"பல்லு கூசுது மாமு! ஓடுதுடா!"

"சுப்பராயன இட்டாரட்டுமா? வந்து பாக்கட்டும்" என்று மாசானம் அன்றைக்குக் கேட்டான்.

"வாணாம். ஓடுமான்னு கேட்டது அவரு இல்ல. நான்."

அதுதான் கோளாறாகப் போயிற்று. ராயபுரத்தில் யாருக்கும் சொல்லவுமில்லை, யாரும் பார்க்கவுமில்லை. பாம் என்ற பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அவன் திருவொற்றியூருக்கு வருவான், மாசானம் கை காட்டுவான், அவன் ஓட்டுவான். திங்கட்கிழமை போய்ப் பழைய இரும்பு பொறுக்குவான், தலையை நிமிர்த்திக்கொண்டு.

சில வருஷம் கழித்து நெஞ்சுச் சளி அவனைப் படுக்கையில் தள்ளியது. அதற்குள் கனத்த சத்தமும் கேட்காமல் போயிருந்தது. மாசானம் பார்க்கப் போனபோது ஹில்டா தலையணையை உயர்த்திவிட்டாள். ஸ்டானி அவன் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"மாமு, காசிமேட்டு கல்லறையில என் பொட்டிய கவுறு போட்டுத்தான் எறக்குவானுங்க. ஆளுக்கொரு பக்கம் இஸ்துக்கினு கோணக்கமாணக்கன்னு வுடுவானுங்க. நீ தலமாட்டுல நில்லு. உன் கையத் தவுர எவனும் எதையும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிடு. மெதுவா காட்டு, இன்னா? ஆரியா... ஆரியா... அவசரமே இல்ல."