மூன்றாம் நம்பர் ரப்பர்

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் கட்டைவிரல் அக்கா. முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் கட்டைவிரலை விட்டுவிட்டு வெறும் அக்கா. அவளுடைய வலது கட்டைவிரல் நுனி இடது விரலைவிட ஒரு சுற்றுப் பெரியது. தோல் தடித்து, தேய்ந்த சோப்புத் துண்டு போல வழவழவென்று இருக்கும். பத்தொன்பது வயதில் அந்த வாசலுக்குள் நுழைந்த நாள் முதல் அவளுக்குச் சோறு போட்டது அந்த விரல்தான்.

அப்போது அங்கே வீடியோ கேம் பெட்டி செய்தார்கள். டிவியோடு இணைத்து, மேலே கேசட்டைச் செருகி, கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடும் பெட்டி. லைனின் கடைசியில் இருந்த பரிசோதனை மேசைகளில் ஒன்று அவளுடையது. பெட்டி வந்ததும் கேசட்டைச் செருகி சுவிட்சைப் போடுவாள். திரையில் தொப்பிக்காரன் ஒருவன் வந்து நிற்பான். அவனை வலப்பக்கம் நடத்தி, இரண்டு பள்ளம் தாண்ட வைத்து, ஏணியில் ஏற்றி இறக்கி, ஒரு பறவையைச் சுட வைத்து, செங்கல் சுவர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் எல்லாப் பொத்தானையும் ஒரு முறை அழுத்தியாகிவிடும். நாற்பது நொடி. உடனே அணைத்து, பெட்டியின் அடியில் தன் எண் முத்திரையைக் குத்தி, கட்டுகிறவர்கள் பக்கம் தள்ளிவிடுவாள். ஷிஃப்டுக்கு நானூறு பெட்டி. பதினோரு வருஷம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கவும் இல்லை. “நாள் பூரா அவனைத்தானே இழுத்துட்டுத் திரியறேன். வீட்டுக்கு வேற கூட்டிட்டு வரணுமா?” என்பாள்.

பிறகு பெட்டிக்கு மவுசு போயிற்று. தொழிற்சாலை டிவி ரிமோட்டுக்கு மாறியது. அதுவும் குறைந்ததும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே நோயாளிகள் நர்ஸைக் கூப்பிட அழுத்தும் மணி சுவிட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். இருநூறு பேர் இருந்த லைனில் பதினான்கு பெண்கள் மிஞ்சினார்கள். அவளும் மிஞ்சினாள், அழுத்திப் பார்க்க எப்போதும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது, அந்தப் பழைய பெட்டியை அப்படியே மறுபடியும் செய்து விற்க ஒரு புதிய கம்பெனி வந்தது. பெட்டியின் வரைபடங்கள் கிடைத்தன, அச்சுகள் கிடைத்தன. பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. பழைய தாளில் அந்த இடத்தில் ‘பரிசோதகர் ஒப்புதல்படி’ என்று ஒரு வரிதான் இருந்தது. அந்தப் பரிசோதகர்களில் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்தி.

“எதுக்கு மறுபடி அதைச் செய்யணும்?” என்று வீட்டில் புருஷன் கேட்டார். அவர் முடி வெட்டுகிறவர். “நம்ம கடையில காத்திருக்கிறவன் எல்லாம் ஃபோன்லயே ஆடறான். தலையைத் தூக்குடான்னா தூக்க மாட்டேங்கிறான்.”

“எனக்கென்ன தெரியும்? பதினாலு பேருக்கு வேலை வருது. அது போதும்.”

“அப்போ விரலைப் பத்திரமா வச்சுக்கோ. என் கத்திரியைக்கூட நான் அவ்வளவு பத்திரமா வச்சுக்கல.”

ரப்பர்காரர் ஐந்து மாதிரி அனுப்பினார். ஐந்தையும் ஐந்து கன்ட்ரோலரில் பொருத்தி அவள் முன்னால் வைத்தார்கள். முதலிரண்டும் கொழகொழவென்று இருந்தன. ஐந்தாவது கல். மூன்றாவதை அழுத்தியபோது விரல் தானாகவே அடுத்த பொத்தானுக்குப் போயிற்று. அவளுக்கே சிரிப்பு வந்தது. “இதுதான்” என்றாள். அதை வைத்து நூறு பெட்டி செய்தார்கள்.

வினை அடுத்த வாரம் வந்தது. கம்பெனி, சின்ன வயதில் இந்தப் பெட்டியில் விளையாடி வளர்ந்த எட்டுப் பேரை அழைத்து வந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள். பஸ் ஓட்டுகிற ஒருவர், பல் டாக்டர், ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற ஒரு பெண், இப்படி. கேன்டீனாக இருந்த அறையில் டிவிக்களை வைத்து உட்கார வைத்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் எல்லோர் முகமும் மலர்ந்தது. கையில் எடுத்து இரண்டு நிமிஷத்தில் வாடியது.

“கல்லு மாதிரி இருக்கே. இது எங்க வீட்டுது இல்லை” என்றார் பஸ் டிரைவர்.

“போலின்னு சொல்லிடுவாங்க” என்றார் பல் டாக்டர்.

முதல் நம்பர் ரப்பர் போட்ட கன்ட்ரோலரைக் கொடுத்துப் பார்த்தார்கள். “இது பரவாயில்லை, ஏதோ ஒண்ணு குறையுது, ஆனா கிட்ட வருது” என்றார்கள் ஏழு பேர். ரத்தம் எடுக்கிற பெண் மட்டும், “இல்லைங்க, அந்தக் கடினமானதுதான் சரி” என்றாள். “உங்களுக்கு ஊசி குத்திக் குத்திக் கை மரத்துப்போச்சு” என்று டிரைவர் கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

புதிய கம்பெனியிலிருந்து வந்திருந்த மேடம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்தில் தொழிற்சாலை மேலாளர் நின்றார். “அக்கா, எங்ககிட்ட பழைய பெட்டி ஆறு இருக்கு. மெஷின் வச்சு அளந்தோம். ஆறுலயும் பொத்தான் மெத்துன்னுதான் இருக்கு. முதல் நம்பருக்கே மாத்திடலாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.” தாளில் ‘அசலைப் போலவே உள்ளது’ என்று இருந்தது. அசல் பெட்டியைப் பரிசோதித்த கையே இதையும் பரிசோதித்தது என்று அட்டையில் அச்சடிக்கப் போகிறார்கள். அதனால் வேறு யார் கையெழுத்தும் உதவாது.

“அது அசல் மாதிரி இல்லையே மேடம்.”

“எட்டுல ஏழு பேர் சொல்றாங்க. மெஷினும் சொல்லுது.”

மேலாளர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். “அக்கா, ஆஸ்பத்திரி ஆர்டர் இந்த மாசத்தோட முடியுது. இதுவும் போனா லைனை மூடறதைத் தவிர எனக்கு வழியில்லை. உங்க விரல் மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா இருபத்து மூணு வருஷம் ஆச்சு. விரலுக்கும் வயசாகுமில்ல?”

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. உள்ளே மற்ற பதின்மூன்று பேரும் மணி சுவிட்சுகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரின் அடுப்பும் தன் கையெழுத்தில் தொங்குவதாகத் தோன்றியது. ஒரு கோடு கிழித்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சரியில்லாததற்கு ஒரு நாளும் முத்திரை குத்தியதில்லை. அந்த ஒன்றைத் தவிர அவளிடம் பெருமைப்பட வேறு எதுவும் இல்லை. விரலே பொய் சொல்கிறதென்றால்? அதுவும் நடக்கக்கூடியதுதானே.

தேநீர் நேரத்தில் ரத்தம் எடுக்கிற பெண் தனியாக ஜன்னலோரம் நின்றிருந்தாள். அக்கா டம்ளரோடு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“ஏம்மா, உனக்கு மட்டும் எப்படி அது சரின்னு பட்டுச்சு?”

“எங்க வீட்டுல அப்படித்தான்க்கா இருந்துச்சு.”

“ரொம்ப விளையாடுவியோ?”

“எங்க விளையாட! எங்கப்பா அதைப் பீரோவுல வச்சுப் பூட்டிடுவார். பரீட்சை முடிஞ்சாதான் வெளிய எடுப்பார். வருஷத்துல நாலு நாள். மத்த நாளெல்லாம் பீரோவைப் பார்த்துட்டே படிப்பேன்.”

அக்கா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். பீரோவில் பூட்டி வைத்த பெட்டி. வருஷத்துக்கு நாலு நாள். அது தேயவே இல்லை. மற்ற ஏழு பேரும் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய பெட்டியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மேடம் அளந்த ஆறும் யாரோ வருஷக்கணக்கில் அடித்து விளையாடியவை. இவளோ ஒவ்வொரு பெட்டியையும் அது பிறந்த நாற்பது நொடிக்குள் மட்டும் தொட்டவள். பழசு எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியாது. புதுசு எப்படி இருந்தது என்று அவர்களுக்கு ஞாபகமில்லை.

“நீ நல்லா இருக்கணும்மா” என்று சொல்லி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டு நேரே மேலாளரிடம் போனாள்.

“சார், மரங்கொத்தியை எனக்கு மூணு நாள் குடுங்க.”

மரங்கொத்தி என்பது சுவிட்ச் எத்தனை அழுத்தம் தாங்கும் என்று பார்க்கிற இயந்திரத்துக்குப் பெண்கள் வைத்த பெயர். நான்கு இரும்பு விரல்கள், நொடிக்கு ஒரு கொத்து. மூன்றாம் நம்பர் ரப்பர் போட்ட நான்கு கன்ட்ரோலர்களை, எல்லாப் பொத்தானும் ஒன்றாக அமுங்கும்படி மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து, அதற்கடியில் கட்டினாள். மூன்று நாளில் பொத்தானுக்கு இரண்டரை லட்சம் கொத்து. மேடம் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பொறுமையை அக்கா பிற்பாடு பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறாள்.

அந்த மூன்று நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “என்ன, மரங்கொத்தி உன் மண்டையில கொத்துதா?” என்றார் புருஷன். சொன்னாரே தவிர, காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டப்பா கட்டிக் கொடுத்தார்.

நாலாம் நாள் எட்டுப் பேரும் மறுபடி வந்தார்கள். எது எந்த ரப்பர் என்று சொல்லாமல், துணி போட்டு மூடிய தட்டில் முதல் நம்பர், புது மூன்றாம் நம்பர், கொத்து வாங்கிய மூன்றாம் நம்பர் என மூன்று வகையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். பஸ் டிரைவர் கொத்து வாங்கிய கன்ட்ரோலரை எடுத்தார். தொப்பிக்காரன் ஓடினான், தாவினான். டிரைவர் சட்டென்று நிறுத்திவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது! இதுதான்! எங்கிருந்து பிடிச்சீங்க?”

பல் டாக்டரும் அதையே எடுத்தார். ஏழு பேரும் அதையே எடுத்தார்கள். ரத்தம் எடுக்கிற பெண் கொத்து வாங்காததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றாள்.

“உங்களுக்குப் பிடிச்சதும் அந்தம்மா மடியில இருக்கிறதும் ஒரே ரப்பர்தான்” என்றாள் அக்கா. “ஒண்ணு புதுசு, ஒண்ணு இரண்டரை லட்சம் தடவை அழுத்தினது.”

மேடம் அளக்கும் கருவியை வரவழைத்தார். கொத்து வாங்கிய நான்கும் பழைய ஆறு பெட்டிகளோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயின. அவர் எண்களை இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு, “அப்போ எல்லாத்தையும் மரங்கொத்தியில வச்சு எடுத்தே விற்கலாமே” என்றார்.

அக்கா குறுக்கிட்டாள். “மேடம், பாதி ஆயுசை நாமே தின்னுட்டுக் குடுக்கிறதா? சீக்கிரமே பொத்தான் செத்துடும். அதுவும் இல்லாம, பழசாவே செஞ்சு குடுத்தா அவங்க எதைப் பழக்குவாங்க?”

“வாங்குறவங்க காத்திருக்க மாட்டாங்கக்கா. முதல் நாளே குறை சொல்லுவாங்க.”

அதற்குப் பதில் சொன்னது டிரைவர். “மேடம், நான் இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். புது வண்டின்னா கியர் முரண்டு பண்ணத்தான் செய்யும். அதுக்காக எவனாவது ஓட்டித் தேய்ச்ச வண்டியையா கேப்பேன்? எனக்கு அந்தக் கல்லையே குடுங்க. என் கட்டைவிரல் எதுக்கு இருக்கு? அட்டையில மட்டும் எழுதிடுங்க, பழகப் பழகச் சரியாகும்னு.”

“செருப்புக்கடையில சொல்ற மாதிரி” என்றார் பல் டாக்டர்.

“அதேதான் சார். உங்க நாற்காலியில உக்கார்றதுதான் பழகவே பழகாது.”

மேடம் சிரித்துவிட்டார். தாளில் மூன்றாம் நம்பர் என்று எழுதி அக்காவிடம் நீட்டினார். அக்கா உட்கார்ந்து, பேனாவைச் சரியாகப் பிடித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு வெளியே பதின்மூன்று பேரும் கையிலிருந்த சுவிட்சை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அவர்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்த, அங்கே ஒரே கூச்சல்.

கிளம்புகிற நேரத்தில் டிரைவர் அவளை விடவில்லை. “உக்காருங்கக்கா, ஒரு ஆட்டம்.” சுவர் வந்ததும் அவள் பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினாள். அவர் கையைத் தட்டிவிட்டு, மேலே தாவி ஒரு செங்கலை உடைத்தார். அந்தப் பக்கம் நீலக் கடல், படகுகள், நிலா. அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். “இதைத்தானா இவ்வளவு நாளும் நீங்க மட்டும் பார்த்துட்டு இருந்தீங்க!”

“நீங்கதான்க்கா செஞ்சு அனுப்பினீங்க. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிடுவாங்க, வீட்டுல நானும் என் தங்கச்சியும்தான். நாங்க சண்டை போடாம இருந்ததே இதால. இருபத்தெட்டு வருஷமா ஒரு தடவைகூடக் கெடலை.” பையிலிருந்து தன் வீட்டுப் பெட்டியை எடுத்துக் காட்டினார். மஞ்சளேறிப் போயிருந்தது. “யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்போ உங்களைப் பார்த்துட்டேன்.”

அவள் பெட்டியைக் கவிழ்த்து முத்திரையைப் பார்த்தாள். இருபத்தேழு. அவளுடைய எண் அல்ல. பக்கத்து மேசையில் இருந்த சுருட்டையின் எண். சுருட்டைமுடிக்காரி, ஆள் குறைப்பில் போனவள், இப்போது ஒரு சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறாள். “நன்றி எனக்கில்ல தம்பி. சேர வேண்டிய இடத்துல சேர்த்துடறேன்” என்றாள்.

மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: திங்கள்கிழமைக்குள் இன்னும் பத்துப் பேர் வேண்டும், முடிந்தால் வேலை தெரிந்த கைகளாக. அக்கா கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே போய்ச் சுருட்டைக்கு ஃபோனைப் போட்டாள்.

“நான்தான்டி.”

“கட்டையா? யாரு செத்தா?”

“வாயைக் கழுவு. யாரும் சாகல. வேலை இருக்கு, வர்றியா?”

“என்ன வேலை?”

“அதே வேலை. அதே மேசை.”

அந்தப் பக்கம் சலவை இயந்திரங்களின் இரைச்சல் தள்ளிப்போயிற்று; சுருட்டை வெளியே வந்துவிட்டாள் போல.

“ஒரு பஸ் டிரைவர் இன்னிக்கு நீ முத்திரை குத்தின பெட்டியைக் கொண்டுவந்தார்டி. இருபத்தெட்டு வருஷம் ஓடியிருக்கு. உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.”

“எனக்கா?” என்றாள் சுருட்டை. “நான் என்ன செஞ்சேன்? அழுத்திப் பார்த்தேன், குத்தினேன்.”

“அதுக்குத்தான்.”

சுருட்டை கேட்டாள்: “எத்தனை மணிக்கு வரணும்?”

“ஏழரைக்கு கேட் திறப்பாங்க. சாப்பாட்டை மறக்காம எடுத்துட்டு வா, கேன்டீனை மூடிட்டாங்க.”