குப்புறக் கிடந்த கல்

“...நட்டுப்புட்டு, நாளைக்கு அவன் வாசல்ல வந்து நின்னா, அந்தக் கல்ல நான் என்னண்ணே செய்ய?”

பரவைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் கருப்பையா என்ற சம்சாரி என்னிடம் கேட்டது இது. நாங்கள் அங்கே போன கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

காலை ஏழரைக்கு மதுரையில் பஸ் ஏறினோம். ஐந்து மைல், ஆளுக்கு இரண்டணா. கூட வந்தவர் நார்வே நாட்டுத் துரை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தம் நாட்டாரைப் பற்றி ஆராய்பவர்; தமிழும் பேசுவார். அவருடைய புத்தகங்களுக்கு அட்டை கட்டிக் கொடுத்துப் பழகியவன் நான். கடல் தாண்டிப் போய் மாண்டவர்களுக்கு, உடல் வராமலே, அவர் நாட்டில் அப்போது கல் நட்டிருக்கிறார்களாம்.

“எங்கள் பண்டிதர்கள் கல்லில் உள்ள எழுத்தை மட்டும் படித்தார்கள். நட்டவர் அன்று எப்படி நின்றார் என்று கேட்கவில்லை. இன்றும் கல் நடுகிற ஊரில் போய்ப் பார்த்தால்தான் அது விளங்கும்” என்றார்.

அவர் நாட்டை ஜெர்மானியர் பிடித்தது முதல் அவர் தாயாரிடமிருந்து கடிதம் இல்லை. அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

பரவையிலிருந்து மாட்டுவண்டி, மூன்று மைல், ஆறணா. “கல்லப் பாக்கவா தொரை கப்பலேறி வந்தாரு? எங்க பக்கம் தடுக்கி விழுந்தா கல்லுதானே!” என்று வண்டிக்காரர் சிரித்தார். யார் வீட்டுக்கு என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பத்து மணிக்குச் சேர்ந்தோம். துரை எதற்கு வந்திருக்கிறார் என்று சொன்னேன். கருப்பையாவின் மகன் பர்மாச் சண்டைக்குப் போனவன். காணவில்லை என்று சர்க்கார் தாள் வந்து ஒரு வருஷமாகிறது. செத்தான் என்று அதில் இல்லை. உறவுக்காரர்கள் பொறுக்காமல் கல்லைக் கொண்டுவந்து வீட்டெதிரில் கிடத்தியிருந்தார்கள், குப்புற. தகப்பன் முதல் எண்ணெய் ஊற்றிய பிறகே அதைப் புரட்டி நிமிர்த்துவது அந்த ஊர் வழக்கம். அதுவரை அது வெறும் கல். ஊற்றிவிட்டால் மகன் செத்தவன்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு அவர் மைத்துனர் நின்றார். “சனம் எம்புட்டு நேரம் வெயில்ல நிக்கும், மச்சான்? அவன் ஆவி அலையுமுல்ல?”

“ஒம் மவனா இருந்தா ஊத்துவியா, மாப்ள?”

பிறகுதான் கருப்பையா என் பக்கம் திரும்பி, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். நல்ல பேச்சு காதில் விழுந்தால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். அன்று கை போகவில்லை.

“தொரை ஊர்ல கல்லு நட்ட பெறகு எவனாச்சும் திரும்பி வந்திருக்கானா?” என்றார் அவரிடமும்.

துரை நோட்டை மூடினார். “கல்லில் அது இல்லை, ஐயா. நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.” நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “என் அம்மாவுக்கும் மூன்று வருஷமாக என் கடிதம் போகவில்லை. எனக்குக் கல் நட்டுவிட்டாரோ என்னவோ” என்றார்.

கருப்பையா அவரை உச்சி முதல் கால் வரை பார்த்தார். மைத்துனர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். கல்லை விலகிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து, வாசல் மாடத்து அகலில் அந்த எண்ணெயை ஊற்றி, பட்டப்பகலில் திரியைக் கொளுத்தினார்.