எங்கள் தெருக் கானுக்கு மூடி வந்த கதை

சென்ற மாதம் நகரசபைக் கந்தோரில் ஓர் அதிகாரி என் தமிழை வாய் நிறையப் பாராட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது.

விஷயம் இதுதான். மன்னாரில் எங்கள் தெருவுக்கு நடைபாதை என்பதே, கழிவுநீர்க் கானுக்கு மேலே போட்ட கொங்கிரீட் மூடிகள்தான். இடப்பக்கத்தில் ஐந்து மூடிகள் உடைந்து விழுந்து பத்து மாதம். கழுதைகள்கூட அந்த இடம் வந்தால் ரோட்டுக்கு இறங்கிவிடும். பக்கத்து வீட்டு ரீட்டா அக்கா என்ன செய்வார்? முழங்காலில் ஒப்பரேஷன் செய்தவர். ஊன்றுகோலோடு பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே இறங்க முடியுமா? காலைப் பூசைக்குப் போவதையே விட்டுவிட்டார்...

"நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்கள்தானே தம்பி. சபைக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்றார்.

எழுதினேன். மூன்று பக்கம்! அதிகாரி இரண்டு தரம் வாசித்தார். "அருமையான தமிழ்" என்றார். பிறகு ஃபைலுக்குள் வைத்து நூலால் கட்டினார். "பாப்பம்."

பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குள் கோயில் பெருநாள் வந்தது. மாதா சொரூபத்தைப் பல்லக்குப் போன்ற கூட்டில் வைத்து, தோளில் சுமந்து எங்கள் தெருவால்தான் கொண்டு போவார்கள். தெரு ஒடுக்கம். இடப்பக்கம் சுமப்பவர்கள் கானுக்கு மேலால்தான் நடக்க வேண்டும் — தோளில் பாரம், குனிந்து பார்க்க வழியில்லை. யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் எழுதுவது ரீட்டா அக்கா. அந்த அதிகாரியும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான்.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வெளியே வர, அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த அக்கா மிகப் பணிவாகச் சொன்னார்: "ஐயா, இந்த முறை உங்களுக்குத்தான் முன்வரிசை. இடப்பக்கம். எங்கடை வீட்டடியிலை மட்டும் காலைப் பாத்து வையுங்கோ."

மாதாவைச் சுமக்கக் கேட்டால் யாராவது மாட்டேன் என்பார்களா? ஐயாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஐந்தாம் நாள் டிராக்டரில் மூடிகள் வந்து இறங்கின. அதிகாரியே நின்று, ஒவ்வொன்றிலும் ஏறிக் குதித்துப் பார்த்தார். இப்படியொரு தரப் பரிசோதனையை இந்தத் தீவு கண்டதில்லை!

பெருநாள் முடிந்த மறுநாள், ரீட்டா அக்கா தனியே பூசைக்குப் போய் வந்தார். மூடிகளின் மேல் ஊன்றுகோல் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன்.

"மாதாவிட்டை என்ன அக்கா வேண்டினீங்கள்?"

"ஐயாவுக்கு இடமாற்றம் வரக்கூடாது எண்டுதான் தம்பி. வலப்பக்கக் கான் இன்னும் திறந்தெல்லோ கிடக்கு!"