கல்லை இறக்கிய அச்சாபீஸ்

அச்சாபீஸ் நடத்துகிறவனுக்குப் பக்கத்துத் தெருவில் புது மிஷின் வந்து இறங்கினால் சோறு இறங்காது. பட்டவர்களுக்குத் தெரியும். அறுபதுகளில் சிவகாசியில் நானும் அண்ணனும் பட்டாசு லேபிள் அடித்துக்கொண்டிருந்தோம்.

முருகன் லேபிள்

எங்கள் லேபிள்களில் எப்போதும் சாமி படம்தான். ஒரு சீசனில் எம். புதுப்பட்டிப் பட்டாசு முதலாளி ஒருவர், வாங்கிப்போன முருகன் லேபிள் கட்டுகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். காரியாபட்டிக் கடையில் ஒரு அம்மா அந்த வெடியை வாங்க மாட்டேன் என்று போய்விட்டாராம்.

ஒரு பொம்பளை சொன்னதற்காகவா என்று அண்ணன் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"கும்புடுற சாமிய வெடிச்சுச் செதறவிட்டு, காலால மிதிக்கச் சொல்றீகளா அண்ணாச்சி?"

மூக்கு விலகிய கிளி

முருகனை எடுத்துவிட்டுக் கிளி போட்டோம். கிளி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எங்களுடையது பழைய கல்லச்சு; நாங்கள் கல்லின்மேல் படம் எழுதி அடித்து முடிப்பதற்குள், ஆப்செட் மிஷின் வைத்திருந்த பக்கத்துத் தெருக்காரர் லேபிளை அடித்து லாரியில் லோடே ஏற்றிவிடுவார். ஆர்டர்கள் ஒவ்வொன்றாக அவரிடம் போயின.

"இந்தக் கல்லுதான்லே நமக்குச் சோறு போட்டுச்சு" என்றார் அண்ணன். "போட்டுச்சுண்ணே. இனிமே போடாது" என்றேன். என் பங்குக்கு வந்த மானாவாரிக் காட்டை விற்றுப் பழைய ஆப்செட் மிஷின் ஒன்றை வாங்கி இறக்கினேன். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

முதல் தாளில் கிளி ஒரு பக்கம், அதன் சிவப்பு மூக்கு ஒரு பக்கம். எத்தனை திருகியும் நிறங்கள் சேரவில்லை. ஊரே வேடிக்கை பார்த்தது. நான் நிறுத்தவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், கடைசியில் சட்டையைக் கழற்றிப்போட்டு உள்ளே வந்தார்.

"தள்ளுலே. மிஷின் வாங்கத்தான் உனக்குத் தெரியும், கலர் சேக்க நான்தான் வரணும்."

மதுரை ஜவுளிக்கடை

தீபாவளி முடிந்தால் லேபிள் வேலை படுத்துவிடும். மிஷின் சும்மா நிற்பதைச் சகிக்காமல் காலண்டர் ஆர்டர் கேட்டு மதுரைக்குப் போனேன். தன் கடைக் காலண்டரைப் பம்பாயில் அடிப்பதாகச் சொல்லி ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரம் கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒருவர் சுவரில் இருந்த பம்பாய்க் காலண்டரைப் புரட்டி, முகூர்த்த நாள் எது என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டார். அதில் இங்கிலீஷ் தேதி மட்டும்தான் இருந்தது. ஊருக்கு வந்ததும் தமிழ்த் தேதி, முகூர்த்தம், அமாவாசை எல்லாம் போட்டு மாதிரிக் காலண்டர் ஒன்று அடித்தேன். ஜவுளிக்கடைக்காரர் கூப்பிடாமலே திரும்பப் போய் அவர் மேஜைமேல் விரித்தேன். முகூர்த்த நாட்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

"போகச் சொன்னாலும் போகமாட்டீர் போல; சரி, என் கடைப் பேரைப் பெரிசாப் போடும்."

காலம் மாறித் தொழில் கெட்டுப்போனதாக யாராவது என்னிடம் வந்து அழுதால், காலம் மாறாத தொழில் ஏதாவது இருந்தால் அதில் எனக்கும் ஒரு பங்கு போடச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.