வழுக்கை விழுந்த கிளச்

எங்கள் காரின் கிளச் பெடலில் இருந்த ரப்பர் தேய்ந்துபோனதை நான்தான் முதலில் கண்டேன். காலடி விரிப்பைக் கழுவ எடுத்தபோது பார்த்தால், கோடுகோடாக இருக்க வேண்டிய ரப்பர் மொழுமொழுவென்று மின்னியது. ஒரு மூலையில் இரும்பே எட்டிப் பார்த்தது. பிரேக்கும் ஏறக்குறைய அதே கோலம்தான்.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். காரை ஓட்டுவது நான். அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது அவர். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்குமப்பா. நீர் ஏன் சும்மா பதறுறீர்?"

அந்த வாரமே என் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்க அப்புத்தளைக்குப் போக வேண்டியிருந்தது. பையனுக்குக் கொழும்பில் வேலை. முதலில் பெரியவர்கள் போய்ப் பேசிவிட்டு வருவதாக ஏற்பாடு. முன் சீட்டில் அண்ணன், பட்டு வேட்டியில். பின்னால் அண்ணியும் என் கணவரும், நடுவில் பழத்தட்டு. தயிர்ச் சட்டியை மட்டும் அண்ணன் யாரிடமும் கொடுக்கவில்லை.

"வளைவுல சாஞ்சிரும், நானே வச்சுக்கிறேன்" என்று மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. போதாததற்குப் பனிமூட்டம். அத்தனை வளைவுகளிலும் அண்ணன் சட்டியைச் சிந்தாமல் காப்பாற்றிவிட்டார். பெண் வீடு ஒரு ஏற்றத்தில் இருந்தது. வீட்டார் குடையோடு வாசலில் நின்றார்கள். ஏற்றத்துக்குக் கீழே வழி கேட்க இறங்கி ஏறியதில் என் செருப்பு நனைந்திருந்தது. முதல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட வேண்டிய நேரத்தில் கால் சர்ரென்று வழுக்கிவிட்டது. கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி, அப்படியே அணைந்துபோனது.

பழங்கள் உருண்டன. சட்டி உடையவில்லை, அண்ணன் அதைக் கடைசிவரை விடவேயில்லை. தயிர்தான் முழுக்க வேட்டியில் கிடந்தது.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்ல கெட்டித் தயிரா இருந்திருக்கு."

அண்ணன் இறங்க மறுத்துவிட்டார். "நான் இப்படியே இருக்கேன். நீங்க போய்ப் பேசிட்டு வாங்க."

பெண்ணின் அப்பா குடையோடு வந்து ஜன்னலில் குனிந்து பார்த்தார். உள்ளே போய், வேட்டிக்குப் பதிலாகக் கட்டப் புதுச் சாரம் ஒன்றை எடுத்து வந்தார்.

"எறங்குங்க, எறங்குங்க. வீட்டுக்கு வந்த மனுசரு வாசல்ல உக்காந்திருக்கிறதா?"

அவர் நல்ல உயரம், அண்ணன் குள்ளம். அந்தச் சாரத்தை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி அண்ணன் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அண்ணனைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள். தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. அடக்கிப் பார்த்து, முடியாமல் சிரித்தேவிட்டாள். அவள் அம்மா முறைத்தார். ஆனால் அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு யாருக்கும் கூச்சமில்லை.

"சம்பந்தியாகுறதுக்கு முந்தியே என் சாரத்தக் கட்டிட்டாரு. இனி என்னத்தப் பொருத்தம் பாக்குறது?" என்றார் பெண்ணின் அப்பா.

திரும்பும் வழியெல்லாம் என் கணவர் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் பதுளைக்குப் பஸ் ஏறி, கிளச்சுக்கும் பிரேக்குக்கும் புது ரப்பர் வாங்கி வந்தார். மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றேன்.

"இதுவும் ஒரு வேலையே? காலுக்குக் கால்மேசு இழுத்துப் போடுற மாதிரி."

சீட்டில் குப்புறப் படுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தார். பழைய ரப்பர்கள் உடனே கழன்று வந்தன. புதியவைதான் பிடிவாதம் பிடித்தன. ஒரு ஓரத்தை மாட்டினால் மறு ஓரம் துள்ளிக் கழன்றது. உள்ளேயிருந்து முனகல் கேட்டுக்கொண்டேயிருந்தது. கல்யாணப் பேச்சுக்கு மகன் சம்மதித்த செய்தியைச் சொல்ல வந்த அண்ணன், கார்க் கதவுக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்களைக் கண்டு நின்றார்.

"மாப்புள, மிச்சம் எங்க?"

"குளிருல ரப்பர் வெறச்சிருக்கு. சுடுதண்ணியில போட்டு எடுங்க, எளகும்" என்றேன் நான்.

"நீர் கொஞ்சம் பேசாம இரும். தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வாரும்."

எண்ணெயைத் தடவியதும் இரண்டும் வழுக்கிக்கொண்டு ஏறின. வெற்றியோடு எழுந்தவரால் முக்கால்வாசிதான் நிமிர முடிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தக் கோணத்திலேயே நின்று, "ஏறி மிதிச்சுப் பாரும்" என்றார். மிதித்தேன். எண்ணெய் பூசிய புது ரப்பர், தேய்ந்த ரப்பரே தேவலை என்று ஆக்கிவிட்டது. என் கால் விலாங்குமீன் மாதிரி பக்கத்துக்குப் போனது.

அண்ணன் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார். நான் இரண்டையும் கழற்றிச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினேன். இரும்பையும் எண்ணெய் போகத் துடைத்தேன். ரப்பரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கரண்டிக் காம்பால் ஓரத்தை நெம்பி நெம்பி மாட்டினேன். நகம் ஒன்று ஒடிந்ததோடு சரி. துணியால் ஒற்றி, காய்ந்தபின் ஈரச் செருப்போடு மிதித்துப் பார்த்தேன். கால் நகரவில்லை. அண்ணனை வீட்டில் விட்டு, இடுப்புக்குத் தைலம் வாங்கி வந்தேன்.

தைலம் தேய்க்கும்போது என் கணவர், "இப்ப எப்பிடி, பிடிக்குதே?" என்று கேட்டார்.

அவர் கேட்டது பெடலை; என் கைக்கடியில் பிடித்துக் கிடந்தது இடுப்பு. "நல்லாவே பிடிக்குதுங்க" என்றேன்.