மரத்தை வையப் போன சின்னண்ணன்

எங்கள் எருமப்பட்டிப் பக்கம் சின்னண்ணனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகத் துளை போட்டவர். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடமே தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் விழும். அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார், குரல் இறங்கவில்லை. வீட்டில் உப்புக் குறைந்தாலும் அதே கத்தல்தான். முன்னும் பின்னும் நான் எழுதக் கூசும் வசவு வேறு.

போன தை மாதம் அவர் மனைவி சௌந்திரம் நாமகிரிப்பேட்டையில் இருக்கும் மகள் தனப்பிரியா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாய் அடங்கினால் வருகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மனுஷர் ஒடிந்துபோனார். அதையும் கத்தித்தான் சொன்னார்.

பக்கத்துத் தோட்டத்து மணியனுக்கு வேறு கவலை. பாக்கு மரங்களுக்கு ஊடே நாற்பது அகில் மரம் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. மரம் வாட்டசாட்டமாக நிற்கிறது, மணம் மட்டும் இல்லை. தண்டில் ஓட்டை போட்டார், மருந்து ஏற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. கன்று விற்ற ஏஜெண்டைப் பிடித்துக் கேட்டால் அவன் கதை சொன்னான். அகில் சுகமாக இருந்தால் மணக்காது, நோவு பட்டால்தான் உள்ளே மணம் ஊறும். அது பிறந்த மலைக்காட்டில் மரத்தடியில் போய் ஒப்பாரி வைப்பார்களாம், மனசு நொந்தாலும் நோவுதானே என்றான். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுது என்பார்கள். மணியன் பட்டப்படிப்புப் படித்தவர், உடனே நம்பினார். ஒப்பாரிக்கு ஆள் கிடைக்கவில்லை. வைவதற்கு ஆள் ஊரிலேயே இருந்தது.

சின்னண்ணனும் யோசித்தார். இருக்கிற வசவையெல்லாம் மரத்தின்மேல் கொட்டிவிட்டால் வாய் காலியாகிவிடும், சௌந்திரம் வந்துவிடுவாள்.

தினம் காலை ஆறு மணிக்கு வேலை. மரத்துக்கு மரம் பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது. முதல் நாளே சிக்கல்: காரணமில்லாமல் வைய அவருக்கு வரவில்லை. இது என்ன தப்புப் பண்ணுச்சு என்று மணியனிடமே கேட்டார். கடைசியில் தெரிந்ததை வைத்து ஆரம்பித்தார். சாம்பாரில் உப்பில்லை என்று மூன்றாம் நம்பர் மரத்தை வைதார். மோட்டாரை நிறுத்தாமல் தூங்கியதற்கு ஏழாம் நம்பரை. பதினோராம் நம்பரின் அண்ணன்மார் சரியாகச் சீர் செய்யவில்லை என்று அரை மணி நேரம். மரங்கள் தளதளவென்று துளிர்த்தன. மணியனுக்கு வயிறு எரிந்தது. ஆனால் சின்னண்ணனுக்குப் பலித்தது. எட்டு மணிக்கே தொண்டை கட்டிக்கொள்ளும், அப்புறம் நாள் முழுக்கச் சைகைதான்.

செய்தி நாமகிரிப்பேட்டைக்குப் போனது. ஆடியில் ஒரு நாள் சௌந்திரம் முதல் பஸ்ஸைப் பிடித்து நேரே தோட்டத்துக்கு வந்தாள். வரப்பில் மணியன் பக்கத்தில் நின்று கேட்டாள். பத்தொன்பதாம் நம்பர் மரம் அப்போது ஆண்பிள்ளை பெறாததற்கு வசவு வாங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புதிதில்லை. அழுதாள், அதை மறைக்கவுமில்லை.

"ஏனுங்கண்ணா, வஞ்சா மணக்கும்ங்கறது நெசமுங்களா?" என்று மணியனைக் கேட்டாள்.

"அப்படித்தான் சொல்றாங்க சாமி."

"அப்ப இந்த முப்பத்தாறு வருசத்துல நான் மணந்திருக்கோணுமில்லீங்க?"

சின்னண்ணன் திரும்பிப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாததால் வெறும் காற்றுதான் வந்தது. என்னங்க என்றாள் அவள். மறுபடி முணுமுணுத்தார், மறுபடி கேட்கவில்லை. மூன்றாவது தடவை கம்ப்ரசர் குரலே வந்துவிட்டது.

"தப்பு என்னுதுதான், சௌந்திரம்."

பக்கத்து மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மணியனுக்குத் தன் கவலை. நாளைக்கு மரத்தை யார் வைவது என்று கேட்டார்.

"நான் வாரேனுங்கண்ணா," என்றாள் சௌந்திரம். "எங்கிட்டயும் முப்பத்தாறு வருசத்துக்கு இருக்குது."

மறுநாள் ஆறு மணிக்கு வந்து ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்தாள். ஐந்தே நிமிஷத்தில் மணியன் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்தைத் தாண்டிவிட்டார். சின்னண்ணன் போகவில்லை. நாற்பது மரமும் முடிகிற வரைக்கும் நின்று கேட்டார்.