வெள்ளிக்கிழமைச் சந்தனம்

என் மேசைமேல் ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். மேலே ஐந்து கொம்புகள்: நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு. மருந்து வாங்கிக்கொண்டு போக வருகிறவர்கள் இதென்ன மைக்கூடா, சாமி விளக்கா என்று கேட்பார்கள். கார் எஞ்சினில் நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்து மின்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் மூடி அது. வெயில் படும்படி திருப்பினால் இரண்டு கொம்புகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு தெரியும். எரிந்த தடம். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க மெக்கானிக் பாய்க்கு மூன்று மாதம் பிடித்தது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். வெள்ளிக்கிழமை தோறும் டாக்டரம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக் காரில் வடமதுரைக்குப் போவோம். சந்தைப் பக்கத்தில் ஒரு ஓட்டுக்கட்டடம், அதில் ஒரு கட்டில், ஒரு தராசு. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் தோட்ட வேலையை விட்டு, இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு காலைதான்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்த கையோடு கார் இருமத் தொடங்கியது. ஊர் எல்லை தாண்டியதும் டொக், டொக் என்று குலுங்கும். நான்கு கால் மாடு மூன்று காலில் நடப்பதுபோல நொண்டும். தாமரைப்பாடி தாண்டினால் தானாகச் சரியாகிவிடும். திரும்பி வரும்போது வண்டி வெண்ணெயாக ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை வழியில் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பெண்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒருத்தி, இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தில் பறிகொடுத்து மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "வராம மட்டும் இருந்துறாதீக தாயி" என்றாள். ஆஸ்பத்திரி நிர்வாகமோ வேறு மாதிரி சொன்னது. இன்னொரு தடவை நின்றால் வடமதுரைப் பயணத்தையே நிறுத்திவிடுவோம் என்றது.

டிரைவர் அண்ணன் சனிக்கிழமைதோறும் பாயின் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். பாய் பிளக்கை மாற்றினார், கார்பரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தார்.

"என் பட்டறைக்கு வந்தா மட்டும் புதுப்பொண்ணு மாதிரி அம்புட்டு அடக்கமா நிக்கிதுண்ணே. ஓட்டுறவரு கையிலதான் ஏதோ கோளாறு."

"கார்பரேட்டர கழுவுனது போதும் பாய். செத்த உன் கண்ண கழுவிட்டுப் பாரு."

இந்தச் சண்டையை ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா, "காய்ச்சல் விட்ட பிறகு நாடி பிடிச்சா என்ன தெரியும் பாய்? அடிக்கிறப்போ வந்து பாருங்க" என்றார். பாய் தலையைச் சொறிந்தார். வெள்ளிக்கிழமை அவர் பட்டறை அடைப்பு. வண்டிக்கு நோய் வந்த நாளில் எல்லாம் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொழுகைக்குக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்த வெள்ளி அதே வெள்ளைச் சட்டையோடு முன்சீட்டில் ஏறினார். "ஜும்மாவுக்கு முன்ன என்னைய ஊர்ல சேத்துரணும்" என்று மட்டும் சொன்னார். எல்லை தாண்டியது. டொக், டொக். பாயின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "நிறுத்துண்ணே! எஞ்சின அணைக்காத!"

பானெட்டைத் திறந்தார். ஒரே வெயில், எதுவும் தெரியவில்லை. பிரசவத்துக்கென்று வைத்திருந்த கம்பளியை என்னிடம் வாங்கித் தன் தலையையும் எஞ்சினையும் சேர்த்து மூடிக்கொண்டார். நடுச்சாலையில் ஒரு கம்பளி மூட்டை எஞ்சினோடு சேர்ந்து குலுங்கியது. பிறகு குலுங்கல் நின்றதுபோல மூட்டை அசையாமல் இருந்தது. உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "அண்ணே, செத்த வந்து பாரு. நர்ஸம்மா, நீங்களும்."

கம்பளியின் இருட்டுக்குள் நான் பார்த்ததை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். கறுப்பு மூடியின் மேல் கொம்புக்குக் கொம்பு ஈரச் சந்தனம் பட்டை பட்டையாகப் பூசியிருந்தது, நடுவில் குங்குமம். அந்த ஈரத்தின் மேல் நீலப் பொறி ஒன்று பூரான்குட்டி போல ஊர்ந்து, போக வேண்டிய பிளக்குக்குப் போகாமல் பக்கத்துக் கொம்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் சந்தனம் காயக் காயப் பூரானுக்கு வழி அடைபடும். தாமரைப்பாடியில் வண்டி தெளிந்ததன் ரகசியமும், சனிக்கிழமைக்குள் சந்தனம் உதிர்ந்து பட்டறையில் அது அடங்கி நின்றதன் ரகசியமும் அவ்வளவுதான்.

டிரைவர் அண்ணனின் முகம் செத்துவிட்டது. "நீதான பாய் சொன்ன? ஆயுத பூஜைக்கு வண்டிய தொடச்சப்ப, இந்த மூடியக் காட்டி, வண்டிக்கு உசுரு இங்கதான் இருக்குன்னு. அதுவரைக்கும் ஸ்டீரிங்லதான் பொட்டு வச்சேன். அப்புறம் வெள்ளிக்கு வெள்ளி காலையில இங்கதான். புள்ளத்தாச்சிகள பாக்கப் போற வண்டி, நல்லபடியாப் போகட்டும்னு…"

பாய் எஞ்சினை அணைத்துவிட்டுப் பையிலிருந்து துணியை எடுத்தார். மூடி வரைக்கும் போன கை பாதியில் நின்றது. துணியை அண்ணனிடம் நீட்டினார். "நீயே தொடைண்ணே. நீ வச்சத நான் அழிக்க மாட்டேன்."

அண்ணன் அந்தத் துணியை வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குழந்தையின் முகம் துடைப்பதுபோல ஒவ்வொரு கொம்பாகத் துடைத்தார். மறுபடி கிளப்பியதும் எஞ்சின் இருமவில்லை. நான்கு கால்களும் தரையில் பட்ட ஓசை. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். பாய் ஏறவில்லை. எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஜும்மாவுக்கு ஓடினார். சட்டை முன்பக்கம் முழுக்கக் கரி.

மறுநாள் பட்டறையில் புது மூடி மாட்டினார். பொறி ஊர்ந்த தடம் பழையதில் எரிந்து பதிந்துவிட்டது. இனி அது ஆகாது என்றார். எனக்குக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். அண்ணன் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப எங்கதான் வைக்கட்டும்? நீயே சொல்லித் தொலை."

பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார், ஏதோ பெரிய கணக்குப் போடுகிறவர் போல. கடைசியில் முன்விளக்கின் வளையத்தைத் தட்டினார். "இங்க வை. மழை ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாது. எதிர்ல வர்றவனும் பாப்பான்."

பயணம் நிற்கவில்லை. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த ஓட்டுக்கட்டடத்துக் கட்டிலில் அந்தப் பெண்ணின் மூன்றாவது பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது.

அந்தக் காரும் போய்விட்டது, பாயும் அண்ணனும் போய்விட்டார்கள். நான் இன்னும் வெள்ளிக்கிழமைகளில் வடமதுரைக்குப் போகிறேன். இப்போது வேன், ஓட்டுகிறவன் அண்ணனின் பேரன். முன்விளக்கு வளையத்தில் ஏன் பொட்டு வைக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. தாத்தா அங்கேதான் வைப்பார், அவ்வளவுதான். இன்றும் வைத்துவிட்டு உள்ளே வந்து, விரலில் மீந்த சந்தனத்தை எங்கே துடைப்பது என்று பார்த்தான். மேசையிலிருந்த மூடியை நீட்டினேன். நடுக்கொம்பில் ஒரு பொட்டு. இனி இதன் வழியாகப் போக வேண்டிய பொறி எதுவும் இல்லை. ஈரம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும். வெளியே வேன் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கிறது. பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கிளம்ப வேண்டும்.